பேனக் சுடுவது: கேட்டவர்களுக்குப் பதில்

கனடாவின் சாஸ்கடூன் நகரில் என் கீழ்வீட்டுப் பாட்டி க்ரீ என்ற பூர்வகுடி இனத்தவர். பேனக் ரொட்டி சுட அவரிடம்தான் கற்றேன். நான் சுட்ட முதல் மூன்றும் கல். அந்தத் தகுதியோடு பதில் சொல்கிறேன்.

அக்கா, அளவு சொல்லுங்கள்.

மைதா 3 கப், பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, கெட்டியான கொழுப்பு கால் கப், தண்ணீர் ஏறக்குறைய ஒரு கப். இந்தியாவில் செய்கிறவர்கள் முக்கால் கப்பில் தொடங்குங்கள். கனடா மைதாவில் புரதம் கூடுதல், அது தண்ணீரை நிறையக் குடிக்கும். நம்மூர் மைதாவுக்கு அவ்வளவு ஊற்றினால் பசையாகிவிடும்.

சொன்னபடியே செய்தும் கல் மாதிரி வருகிறதே?

சப்பாத்திக்குப் பிசைவது போலப் பிசைந்திருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பிசையப் பிசைய மாவு இழுவையாகிறது. சப்பாத்திக்கு அது வேண்டும், இதற்கு ஆகாது. முதலில் கொழுப்பை விரல்நுனியால் மாவில் தேயுங்கள், புட்டுக்குப் பிசிறுகிற மாதிரி. பட்டாணி அளவில் சில கட்டிகள் இருந்தால் நல்லது. அப்புறம் தண்ணீரை ஊற்றி, மாவு ஒன்று சேரும் வரைக்கும்தான் கை வைக்க வேண்டும். மேலே வெடிப்பும் திட்டுத்திட்டுமாக அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும். ஒரு அங்குல கனத்துக்குத் தட்டி, முள்கரண்டியால் குத்தி, ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம். அடியைத் தட்டினால் டொக்கென்று வெற்றுச் சத்தம் வர வேண்டும்.

அடுப்பைச் சூடாக்கிவிட்டு மாவை நனையுங்கள். நனைந்த மாவைக் காக்க வைத்தால் பேக்கிங் பவுடரின் வேகம் வீணாகும்.

கொழுப்பென்றால் பன்றிக்கொழுப்பா? அது வேண்டாமே?

வெண்ணெய், வனஸ்பதி, நெய் எதுவும் சரி. நெய்யை உறைய வைத்துப் போடுங்கள்; உருகியது கூடாது.

பேனக் ஸ்காட்லாந்துப் பெயராமே? அப்புறம் எப்படிப் பூர்வகுடி ரொட்டி?

பெயர் அங்கிருந்து வந்ததுதான். விலங்குத் தோல் வணிகத்துக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் கொண்டுவந்தது. ஆனால் மாவை அடையாகத் தட்டுவதை அவர்கள் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை: வட அமெரிக்காவின் மேற்கில் காமாஸ் என்ற செடியின் கிழங்கைக் குழியடுப்பில் வேகவைத்து, இடித்து, அடைதட்டிக் காயவைப்பது அவர்கள் வருவதற்கும் முந்தைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சமவெளியில் பைசன் என்ற காட்டெருமைக் கூட்டங்கள் அழிந்தன; பூர்வகுடி மக்கள் ரிசர்வு எனப்படும் தனி ஒதுக்கு நிலங்களுக்குள் ஒதுக்கப்பட்டார்கள். ரேஷனில் மாவும் கொழுப்பும் வந்தன. கிடைத்ததை வைத்துச் சுட்டார்கள், அது அவர்களுடையதாகிவிட்டது. பசிக்காலத்தை நினைவூட்டுகிறது என்று இதை ஒதுக்குகிறவர்களும் அவர்களிடையே உண்டு. அதையும் மதிக்க வேண்டும்.

பொரிக்கலாமா?

தாராளமாக. சுடுவதைவிட அதற்குத்தான் பிள்ளைகள் ஓடிவருவார்கள்.

ஓவன் இல்லை.

கனமான இரும்புச் சட்டி, மூடி, சிறுதீ. ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். திருப்பும்போது உடைந்தால் கவலை வேண்டாம். உடைந்த துண்டை அங்கேயே நின்று வெண்ணெய் தடவித் தின்றுவிடுவேன்.

மறுநாளைக்கு வைக்கலாமா?

வறண்டுவிடும். இறைச்சி சூப்பில் முக்கித் தின்னலாம். பாட்டி வீட்டில் மறுநாளுக்கு மிஞ்சி நான் பார்த்ததில்லை.