வரி போட்ட பேக்கிங் தட்டு: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது?

உள்பக்கம் அடியில் வரிவரியாக மேடும் பள்ளமும் வைத்த ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) பேக்கிங் தட்டைப் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அட்டைப்பெட்டியின் மேல் இருந்த படத்தில் மீன் துண்டில் கரிக்கோடுகள் அழகாக விழுந்திருந்தன. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். நான் செய்த மீனோ வெளிறிப்போய், ஆவியில் அவித்தது மாதிரி வந்தது. இரண்டு முறை செய்து பார்த்துவிட்டேன். தட்டில் குறையா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: தட்டில் குறை இல்லை. படத்தில்தான் குறை.

கோடு விழ வேண்டுமென்றால், மேட்டின் நுனி மீனில் உள்ள ஈரத்தைச் சட்டென்று வற்றவைக்கும் சூட்டில் இருக்க வேண்டும். இறைச்சியோ மீனோ நன்றாகச் சிவக்கத் தொடங்குவது ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான். மேற்பரப்பில் ஈரம் நிற்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. அடுப்பின் மேல் வைத்த இரும்புத் தட்டு என்றால், மீன் இழுத்துக்கொண்ட சூட்டை அடியிலிருந்து நெருப்பு உடனுக்குடன் நிரப்பிவிடும். ஸ்டோன்வேருக்கு அந்தச் சுறுசுறுப்பு கிடையாது. சூளையில் 1200 டிகிரி அளவுக்குச் சுட்டு, கல்லாக இறுகிய களிமண் அது. சூட்டை நிறையப் பிடித்துவைக்கும், ஆனால் கடத்துவதில் சோம்பேறி. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் சுமார் நூறில் ஒரு பங்குதான். குளிர்ந்த தட்டில் மீனை அடுக்கி ஓவனுக்குள் தள்ளினால், தட்டு சூடேறி முடிவதற்குள் மீன் வெந்து முடிந்துவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

காலித் தட்டை முதலிலேயே சூடேற்றினால் என்ன? பல தயாரிப்பாளர்கள் அதைச் செய்யாதீர்கள் என்றே கையேட்டில் எழுதியிருப்பார்கள். கொதிக்கும் தட்டில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மீனைப் போட்டால் விரிசல் விடலாம். உங்கள் கையேடு அனுமதித்தால் மட்டும் முயலுங்கள். இல்லையென்றால் மீனை டிஷ்யூ தாளால் நன்றாக ஒற்றி எடுங்கள். எண்ணெயைத் தட்டில் ஊற்றாமல் மீனின் மேல் தடவுங்கள். ஓவனை முழுதாகச் சூடேற்றிய பிறகு அதன் மேல் அடுக்கில் வையுங்கள். மேல்பக்கம் பொன்னிறமாகும். அடியில் கோடு விழும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

திருப்பிக் கொடுப்பதைப் பற்றி: பயன்படுத்திய பாத்திரத்தைப் 'படத்தில் இருப்பது போல வரவில்லை' என்ற காரணத்துக்காகப் பெரும்பாலான கடைகள் எடுத்துக்கொள்ளாது. பெட்டியில் எழுத்தாலும் 'கிரில் கோடுகள் விழும்' என்று அச்சிட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போது அது அலங்காரப் படம் என்று சொல்லி நழுவ முடியாது. அந்த வாசகத்தைப் புகைப்படம் எடுத்து, பில்லோடு சேர்த்து எழுத்திலேயே கேளுங்கள்.

கேள்வி: 'ஒரே தட்டில் எல்லாம் செய்யலாம்' என்று விற்பனையாளர் சொன்னார். கோழி நன்றாக வந்தது. உருளைக்கிழங்கு மொறுமொறுப்பாகவே வரவில்லை. கேக் செய்தபோது பாதி தட்டிலேயே நின்றுவிட்டது. எதை எதைச் செய்யலாம்?

பதில்: மேடு செய்யும் வேலை ஒன்றே ஒன்று: உணவைத் தூக்கிப் பிடித்து, அதிலிருந்து இறங்கும் கொழுப்பையும் நீரையும் பள்ளத்துக்கு அனுப்புவது. எது தானாகக் கொழுப்போ நீரோ விடுமோ அதற்கு இந்தத் தட்டு உதவும். எதற்கு அடி முழுவதும் தட்டில் ஒட்டிச் சிவக்க வேண்டுமோ அதற்கு இது இடைஞ்சல்.

கோழித்தொடை இதற்கென்றே அளவெடுத்தது மாதிரி. தோல் மேலே பார்க்க, துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். 200 டிகிரியில் முக்கால் மணி நேரம் போல ஆகும். ஆனால் நேரத்தை நம்பாமல், எலும்பைத் தொடாமல் அதன் அருகில் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 74 டிகிரி காட்டினால் எடுக்கலாம். தோலுக்கு அடியிலிருந்து உருகிய கொழுப்பு பள்ளத்தில் மஞ்சளாக நிற்கும், இறைச்சி அதில் ஊறாது. இடைவெளி இல்லாமல் நெருக்கினாலோ, பள்ளம் ஆழம் குறைவாக இருந்தாலோ நடுவழியில் கொழுப்பு மேட்டுக்கு மேல் ஏறிவிடும். அந்த நிமிடத்திலிருந்து உங்கள் தட்டு சாதாரணத் தட்டுதான். சாசேஜ் வைக்கும்போது பள்ளத்தோடு படுக்கவைத்தால் உருளாமல் இருக்கும் என்று தோன்றும். அப்படி வைத்தால் அது தன் கொழுப்பிலேயே பொரியும். மேடுகளுக்குக் குறுக்காக வையுங்கள். பேக்கனும் அப்படியே. அரைத்த இறைச்சியில் (கோழி தவிர) தட்டிய வடிவங்களுக்கு உள்சூடு 71 டிகிரி, மீனுக்கு 63 டிகிரி. மீன் துண்டை மேட்டின் திசையிலேயே கரண்டியை நுழைத்து எடுங்கள். குறுக்கே இழுத்தால் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு துணுக்கு நின்றுவிடும்.

தக்காளி, காளான், கத்தரிக்காய் எல்லாம் சூடேறியதும் நீர் விடும் ரகம். தட்டையான தட்டில் அந்த நீரிலேயே வேகும், இதில் கொஞ்சம் வறட்சியாக வரும். முந்தின நாள் பீட்சா, பஃப்ஸ் போன்றவற்றைச் சூடுபடுத்தவும் நல்லது. அடிப்பக்கம் நமுத்துப்போகாது.

உருளைக்கிழங்கு மொறுமொறுப்பாக வேண்டுமானால், வெட்டிய பக்கம் சூடான பரப்பில் முழுசாகப் பதிய வேண்டும். மேட்டில் நான்கு கோடு மட்டும்தான் படும். மற்ற இடமெல்லாம் வெறும் காற்று. அதற்குத் தட்டையான உலோகத் தட்டை எடுங்கள். கேக் மாவு, முட்டைக் கலவை, சீஸ் போட்ட பாஸ்தா, சோறு இவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: வேண்டாம். பள்ளத்தில் இறங்கி, அங்கேயே இறுகி, உங்கள் கேக்கைப் போலப் பாதியைத் தட்டுக்குக் கொடுத்துவிட்டு வரும்.

தேனோ சர்க்கரையோ சேர்த்த மசாலா என்றால் ஒரு எச்சரிக்கை. சொட்டும் இனிப்பு பள்ளத்தில் கருகிப் புகையும். ஓவனுக்குள் வைப்பதற்கு முன்பே பள்ளத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுவைத்தால் அவ்வளவு கருகாது. பாதியில் ஞாபகம் வந்து சூடான தட்டில் ஊற்றக் கூடாது. ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: ஓவனிலிருந்து எடுத்து, கழுவித் துடைத்த கிரானைட் மேடையில் வைத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். தட்டு இரண்டாகப் பிளந்துவிட்டது. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. '250 டிகிரி வரை தாங்கும்' என்று அட்டையில் போட்டிருக்கிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

பதில்: 250 டிகிரியைத் தாங்குவது ஒன்று, 250 டிகிரியிலிருந்து ஒரு நொடியில் குளிர்வதைத் தாங்குவது வேறொன்று. அட்டை முதலாவதை மட்டும்தான் சொல்கிறது. ஈரக் கல்லைத் தொட்ட அடிப்பக்கம் சட்டென்று சுருங்கப் பார்க்கும். மேல்பக்கம் இன்னும் விரிந்த நிலையிலேயே இருக்கும். உலோகம் என்றால் சூடு ஓடிப் பரவிச் சமாளித்துவிடும். ஸ்டோன்வேரில் சூடு மெதுவாக நகர்வதால் அந்த இழுபறிக்கு நடுவில் பாத்திரம் விட்டுக்கொடுத்துவிடும். வரி போட்ட தட்டில் மேடு தடிமனாகவும் பள்ளம் மெல்லியதாகவும் இருப்பதால் பிளவு பள்ளத்தோடு நேர்கோடாக ஓடுவதும் உண்டு. நானே ஒரு தட்டை இப்படி இழந்திருக்கிறேன். வறுபட்ட கோழியை எடுத்துவிட்டு, அடியில் ஒட்டிய சாற்றைக் கரைக்கலாம் என்று குழாய்த் தண்ணீரை அரைக் கப் ஊற்றினேன். அத்தோடு சரி.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று பார்க்க, உடைந்த முகத்தை, அதாவது பிளவில் வெளிப்பட்ட பரப்பை, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முழுவதும் ஒரே நிறத்தில் சுத்தமாக இருந்தால் அன்று நடந்த உடைவு. கையேட்டில் 'குளிர்ந்த, ஈரமான பரப்பில் வைக்காதீர்கள்' என்ற வரி இருந்தால், உண்மையைச் சொல்கிறேன், உங்கள் பக்கம் பலம் குறைவு. அப்படி எந்த எச்சரிக்கையும் தராமலே விற்றிருந்தால் அதையே வாதமாக வையுங்கள். உடைந்த முகத்தின் ஒரு பகுதி மட்டும் பழுப்பேறி, எண்ணெய்க் கறை படிந்திருந்தால் விரிசல் முன்பே இருந்திருக்கிறது என்று அர்த்தம். அது தயாரிப்பிலேயே வந்ததா, நீங்கள் எங்காவது இடித்ததா என்ற கேள்வி வரும். ஆனாலும் பேச ஓர் ஆதாரம் கிடைத்துவிட்டது. துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். படம், பில், கையேடு மூன்றையும் சேர்த்து, கடைக்கு மட்டுமல்லாமல் தயாரிப்பாளருக்கும் எழுதுங்கள். கடை மறுத்த பிறகு தயாரிப்பாளர் மாற்றிக் கொடுப்பது நடக்காத காரியமல்ல.

இனி வாங்கும் தட்டுக்கு ஒரு மரப்பலகையோ மடித்த உலர்ந்த துணியோ முன்கூட்டியே எடுத்துவைத்துவிட்டு ஓவனைத் திறங்கள். துணி ஈரமாக இருக்கக் கூடாது.

கேள்வி: என் தட்டில் பளபளப்புப் பூச்சு இல்லை. மீன் செய்தால் வாசனை போகவே மாட்டேன் என்கிறது. சோப்பு போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: பூச்சில்லாத ரகத்துக்குச் சோப்பு வேண்டாம். பரப்பில் உள்ள நுண்துளைகள் சோப்பையும் இழுத்துவைத்துக்கொண்டு அடுத்த சமையலில் திருப்பிக் கொடுக்கும். தட்டு முழுதாக ஆறிய பிறகு வெந்நீரில் ஊறவைத்து, சமையல் சோடாவைக் குழைத்துப் பள்ளங்களில் பூசி, கால் மணி நேரம் கழித்து நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள உணவுகளையே தொடர்ந்து செய்து பழக்கினால் தட்டு கறுத்து, ஒட்டாத பதத்துக்கு வரும். அந்தக் கறுப்பைச் சுரண்டி எடுக்காதீர்கள், அது அழுக்கல்ல. மீனுக்கு மட்டும் பேக்கிங் பேப்பரை அடியில் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பேப்பர் பள்ளத்தை மூடிவிடும், வரியால் வரும் பயனும் போய்விடும். அதனால் மீன் அடிக்கடி செய்கிறவர்கள் பூச்சுள்ள தட்டை வாங்குவதுதான் நல்லது. அதற்குச் சோப்பும் போடலாம், டிஷ்வாஷரிலும் போடலாம் என்றே பெரும்பாலும் கையேட்டில் இருக்கும்.

கேள்வி: மைக்ரோவேவில் வைக்கலாமா? கேஸ் அடுப்பில்?

பதில்: தங்க, வெள்ளிக் கோடு எதுவும் இல்லாமல், அடியில் மைக்ரோவேவ் குறியும் இருந்தால் வைக்கலாம். கைப்பிடியும் சுடும், துணியால் பிடியுங்கள். கேஸ் அடுப்பில் கூடாது. நெருப்பு படும் இடம் மட்டும் சூடேறிப் பிளந்துவிடும்.

கேள்வி: எலுமிச்சை, வினிகர் போட்ட மசாலாவில் இறைச்சியை இரவு முழுக்க இந்தத் தட்டிலேயே ஊறவைக்கிறேன். பூச்சில் ஈயம் இருந்தால் இறங்கிவிடுமா?

பதில்: நியாயமான சந்தேகம். புளிப்புதான் பூச்சிலிருந்து ஈயத்தையும் காட்மியத்தையும் இழுக்கும். அதனால்தான் ஐ.எஸ்.ஓ. 6486 தரச்சோதனையில் பாத்திரத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் அளவு புளிப்பை, 22 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு உலோகம் இறங்கியது என்று அளக்கிறார்கள். உணவுப் பயன்பாட்டுக்கு என்று குறியிட்டு, தயாரிப்பாளர் பெயரோடு விற்கும் தட்டில் பயப்பட வேண்டியதில்லை. குறியே இல்லாத பழைய தட்டு, அலங்காரத்துக்கென்று விற்றது, பூச்சில் சிலந்திவலை மாதிரிக் கீறல் விழுந்தது இவற்றில் புளிப்பை ஊறவைக்காதீர்கள். எப்படியானாலும் ஊறவைக்கக் கண்ணாடிக் கிண்ணம்தான் நல்லது. இரவெல்லாம் ஃபிரிட்ஜில் இருந்த ஸ்டோன்வேரை அப்படியே சூடான ஓவனில் வைப்பது, கிரானைட் மேடைக் கதையின் மறுபக்கம்.

கேள்வி: 'வரிகள் கொண்ட ஸ்டோன்வேர் டிஷ்' என்று இணையத்தில் பார்த்து வாங்கினேன். வந்த பாத்திரத்தில் வரி வெளிச்சுவரில் மட்டும்தான். உள்ளே வழவழப்பாக இருக்கிறது.

பதில்: சூஃப்லே என்ற முட்டைப் பதார்த்தம் செய்யும் கிண்ணங்களில் வெளிச்சுவர் இப்படி மடிப்பு மடிப்பாக இருப்பது பழைய வழக்கம், அது அழகுக்கு. விவரத்தில் பொய் இல்லை, நீங்கள் நினைத்ததும் அதில் இல்லை. பயன்படுத்தாமல் இருந்தால் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள். ஆனால் கேக், பாஸ்தா எல்லாம் செய்ய இதுதான் சரியான பாத்திரம். ஒருமுறை யோசியுங்கள்.

கேள்வி: இன்னும் வாங்கவில்லை. வாங்கலாமா? கடையில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: உங்களிடம் தட்டையான பேக்கிங் தட்டு ஏதும் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். அதற்குள் கால் வைத்த கம்பி ரேக் ஒன்றைப் போட்டால் மேடு செய்யும் வேலையை மேட்டைவிட நன்றாகவே செய்யும். கொழுப்பு இன்னும் கீழே இறங்கும், காற்றும் அடியில் ஓடும். ரேக்கை எடுத்துவிட்டால் உருளைக்கிழங்குக்கும் ஆகும். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

தட்டு இருக்கிறது, கோழியும் சாசேஜும் அடிக்கடி செய்வோம், ரேக்கைக் கழுவ அலுப்பு என்றால் வரித் தட்டு வாங்குங்கள். உள்ளங்கையில் ஏந்தி விரல் முட்டியால் தட்டுங்கள். மணி போலக் கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் மொத்தென்று அமுங்கினால் எங்கோ விரிசல். சமதளத்தில் வைத்து மூலையை அழுத்திப் பாருங்கள், ஆடக் கூடாது. பிறகு சுண்டுவிரலைப் பள்ளத்தில் விடுங்கள். விரல் நுனி அடியைத் தொட வேண்டும். விரல் போகாத பள்ளத்தில் ஸ்பாஞ்சும் போகாது. ஓவனின் உள் அகலத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். அளக்கும்போது கைப்பிடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போட்டிருக்கும் அளவில் சில சமயம் கைப்பிடி இருக்காது.