புள்ளி இருக்கிறது, சீட் எங்கே?

கேள்வி: கோவையில் பம்ப்செட் உதிரிபாகப் பட்டறை நடத்துகிறேன். பட்டறைக்கு வாங்கும் சரக்கையெல்லாம் கிரெடிட் கார்டில் போட்டதில் நிறையப் புள்ளிகள் சேர்ந்துவிட்டன. விமான மைலாக மாற்றினால் 2.4 லட்சம் வரும் என்கிறது வங்கி. மகளுக்கு மே கடைசியில் நியூ ஜெர்சியில் பிரசவம், இன்னும் நாலு மாதம் இருக்கிறது. நானும் மனைவியும் இரண்டு வாரம் முன்னாலேயே போய்ச் சேர நினைக்கிறோம். விசா கையில் இருக்கிறது. மனைவிக்கு மூட்டுத் தேய்மானம் என்பதால் படுத்துக்கொண்டு போகிற பிசினஸ் கிளாஸ் கிடைத்தால் நல்லது. வெப்சைட்டில் எந்தத் தேதி போட்டாலும் சீட் இல்லை என்கிறது. ஒரு ஏஜென்ட், "60,000 ரூபாய் கொடுங்கள், நான் எடுத்துத் தருகிறேன், முதலில் புள்ளிகளை மாற்றிவிடுங்கள்" என்கிறார். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள் சார். இதைப் படித்து முடிக்கும்வரை அந்த வங்கி ஆப்பைத் திறக்கவே வேண்டாம். வங்கிப் புள்ளி விமான மைலாக மாறினால் திரும்பி வராது. வங்கியிலேயே இருக்கும்வரை அது ஏர் கனடாவின் மைல் திட்டமான ஏரோப்ளானாகவும் ஆகலாம், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையராகவும் ஆகலாம், கத்தாரின் ஏவியோஸாகவும் ஆகலாம், உங்கள் வங்கியின் பட்டியலில் யார் யார் இருக்கிறார்களோ அத்தனை வழியும் திறந்திருக்கும். மாற்றிய அடுத்த நிமிஷம் ஒரே கடையில் செல்லுகிற கூப்பன் ஆகிவிடும். கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு மூன்று வருஷம்தான் ஆயுள். ஏரோப்ளான் கணக்கு 18 மாதம் அசையாமல் கிடந்தால் அதுவும் போச்சு.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். சில வருஷம் முன்னால் ஒரு விமான நிறுவனத்தின் தளத்தில் இரண்டு சீட் பளிச்சென்று தெரிந்தது. ராத்திரி 11 மணி, ஆசை யாரை விட்டது, புள்ளிகளை மாற்றிவிட்டேன். மைல் வந்து சேர மூன்று நாள் ஆனது. சீட் அப்போதும் திரையில் அப்படியே இருந்தது. பெயர், பாஸ்போர்ட் எண், கார்டு எண் எல்லாம் போட்டுக் கடைசிப் பொத்தானை அழுத்தினால், "மன்னிக்கவும், மீண்டும் முயலவும்". இப்படி ஏழு தடவை. போன் செய்தால் நாற்பது நிமிஷம் பாட்டு போட்டுவிட்டு, "அந்த சீட் எங்கள் சிஸ்டத்தில் இல்லையே சார்" என்றார்கள். உங்கள் சிஸ்டத்தில் இல்லாததை உங்கள் திரையில் ஏன் காட்டுகிறீர்கள் என்றால் அதற்குப் பதில் கிடையாது. இதைத்தான் பேய் சீட் என்கிறோம். ஒரு தளத்தில் தெரிகிற சீட்டை இன்னொரு கூட்டாளி நிறுவனத்தின் தளத்திலும் போட்டுப் பாருங்கள். யுனைடெட் தளத்திலும் ஏரோப்ளான் தளத்திலும் அதே நாள், அதே விமானம் தெரிந்தால் அநேகமாக நிஜம். ஒன்றில் மட்டும் தெரிந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

சரி, சீட் ஏன் இல்லை? ரயிலில் லேடீஸ் கோட்டா, டூரிஸ்ட் கோட்டா என்று தனித்தனியாக வைத்திருப்பது போல, புள்ளிக்குக் கொடுக்கிற சீட்டும் தனிக் கோட்டா. பிசினஸ் கிளாஸில் இருபது சீட் காலியாக இருக்கலாம், புள்ளிக்காரருக்கு ஒன்றுகூட ஒதுக்காமல் இருக்கலாம். அதனால் சீட் மேப்பைப் பார்த்து ஏங்கவேண்டாம். கோட்டா பொதுவாக இரண்டு தடவை திறக்கும். ஒன்று, விற்பனை ஆரம்பிக்கிற அன்றைக்கே. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 355 நாள் முன்னால் திறக்கிறது, லண்டனிலிருந்து போகும் நீண்டதூர விமானம் ஒவ்வொன்றிலும் குறைந்தது நாலு பிசினஸ் சீட் புள்ளிக்கு என்று அவர்களே உறுதி சொல்கிறார்கள். இன்னொன்று, கடைசி இரண்டு மூன்று வாரம், விற்காது என்று தெரிந்ததை அப்போதுதான் விடுவார்கள். நம் தட்கல் மாதிரி, கூடுதல் கட்டணம் மட்டும் இல்லை. முதல் வாய்ப்பு உங்களுக்கு எப்படியும் கிடைத்திருக்காது. விமானக் கம்பெனி 355 நாளுக்கு முன் கதவைத் திறக்கிறது, குழந்தை 280 நாளில் வந்துவிடுகிறது.

இப்போது தேடுகிற முறைக்கு வருவோம், உங்கள் தவறு இங்கேதான். நீங்கள் சென்னை–நியூவார்க் (நியூ ஜெர்சி விமான நிலையம்), இரண்டு பேர், போகவர, ஒரு தேதி என்று மொத்தமாகப் போட்டிருப்பீர்கள். அப்படிப் போட்டால் யாருக்குமே கிடைக்காது. பயணத்தைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். முதலில், வழியில் விமானம் மாறுகிற ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து நியூவார்க், ஒருவழி, ஒரே ஆள். யுனைடெட் தளத்தில் இலவசமாக ஒரு கணக்கு தொடங்கி, காலண்டர் முறையில் மே மாதம் முழுவதையும் பாருங்கள். அவர்களுடைய விமானம், லுஃப்தான்சா, ஏர் கனடா என்று ஸ்டார் அலையன்ஸ் கூட்டணி முழுவதும் அதில் வரும். பிசினஸ் தெரிகிற தேதிகளைத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள். நியூவார்க்கோடு நிறுத்தாமல் நியூயார்க்கின் ஜேஎஃப்கே, ஃபிலடெல்ஃபியா இரண்டையும் பாருங்கள், மருமகன் காரில் வந்து கூட்டிப்போவார். அப்புறம் சென்னை–ஃபிராங்க்ஃபர்ட், பெங்களூர்–ஃபிராங்க்ஃபர்ட். கோவைக்காரருக்குப் பெங்களூர் ஒன்றும் தூரமில்லை. இரண்டு தாளிலும் ஒரே தேதி சந்திக்கிற இடத்தில், முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக ஏரோப்ளானில் தேடிப் பாருங்கள். சென்னையிலிருந்து போகிற லுஃப்தான்சா நள்ளிரவு தாண்டிக் கிளம்பும். டிக்கெட்டில் மே 12 என்று இருந்தால் நீங்கள் 11ஆம் தேதி ராத்திரியே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் ஒரு நாள் தாமதமாகப் போய் நின்றவர்கள் உண்டு. சீட்ஸ்.ஏரோ போன்ற தேடுதளங்களும் இருக்கின்றன, அவை காட்டுவது சில மணி நேரத்துக்கு முன்பு எடுத்து வைத்த தகவல், துப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு ஒருவழி ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் என்று கணக்கு வையுங்கள், கொஞ்சம் ஏறும் இறங்கும். இரண்டு பேர் போவதோடு உங்கள் இருப்பில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். திரும்பி வருவதைப் பணம் கொடுத்து எகானமியில் எடுங்கள், அல்லது அதற்குள் பட்டறை இன்னும் கொஞ்சம் புள்ளி சேர்த்துக் கொடுக்கும். போக வர இரண்டும் பிசினஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் இரண்டுமே கிடைக்காது.

ஏரோப்ளானை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில நிறுவனங்கள் மைலையும் வாங்கிக்கொண்டு, 'கேரியர் சர்சார்ஜ்' என்று வரி மாதிரி ஒரு பெயரில் பல்லாயிரம் ரூபாயைத் தனியாகக் கறப்பார்கள். அது அரசாங்க வரி இல்லை, நிறுவனமே வைக்கிற வசூல். பிரிட்டிஷ் ஏர்வேஸில் நாலு சீட் உறுதி என்று மேலே சொன்னேன் அல்லவா, அதன் மறுபக்கம் இதுதான். ஏரோப்ளான் 2020இல் திட்டத்தை மாற்றி அமைத்தபோது இதை எடுத்துவிட்டது. விமான நிலைய வரியும், கூட்டாளி விமானம் என்றால் 39 கனடிய டாலர் கட்டணமும் வரும்.

அடுத்த குழி, கலப்பு வகுப்பு. திரையில் 'பிசினஸ்' என்று பெரிதாக இருக்கும், கீழே பொடி எழுத்தில் 'மிக்ஸ்டு கேபின்' என்று இருக்கும். திறந்து பார்த்தால் சென்னை–டெல்லி மூன்று மணி நேரம் பிசினஸ், டெல்லி–நியூயார்க் பதினைந்து மணி நேரம் எகானமி. மைல் மட்டும் பிசினஸ் கணக்கு! ஒவ்வொரு துண்டுக்கும் எந்த வகுப்பு என்று விரலை வைத்துப் படியுங்கள். ஆனால் ஒரு விஷயம், ஃபிராங்க்ஃபர்ட் வழியில் ஒரு துண்டில் மட்டும்தான் பிசினஸ் கிடைக்கிறது என்றால், சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் துண்டை எடுங்கள். அது ராத்திரிப் பயணம், பத்து மணி நேரம், முழங்காலை நீட்டிப் படுக்க வேண்டியது அங்கேதான். அங்கிருந்து அமெரிக்கா பகல் பயணம், வீட்டம்மாவுக்கு நடைபாதை ஓரம் சீட் வாங்கி, அவ்வப்போது எழுந்து நடந்தால் சமாளித்துவிடலாம்.

இப்போது அந்த ஏஜென்ட். இவர்களில் பெரும்பாலானவர்கள் செய்வது என்ன தெரியுமா? வேறு யாரோ ஒருவருடைய கணக்கிலிருந்து மைலை எடுத்து உங்களுக்கு டிக்கெட் போடுவது, உங்கள் மைலை இன்னொருவருக்கு விற்பது. மைலை ஆளுக்கு ஆள் விற்பதும் வாங்குவதும் அநேகமாக எல்லா நிறுவனத்தின் விதியிலும் தடை. கண்டுபிடித்தால் கணக்கை மூடி டிக்கெட்டையும் ரத்து செய்வார்கள். அதுவும் எப்போது? போகிறபோது ஒன்றும் ஆகாது, திரும்புகிறபோது கவுன்ட்டரில் நிற்க வைப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி அப்படி நின்று, அன்றைய விலையில் இரண்டு டிக்கெட் வாங்கி ஊர் வந்து சேர்ந்தார்கள். டிக்கெட் விற்ற ஆளின் போன் அதற்கப்புறம் ஸ்விட்ச் ஆஃப்.

எல்லா ஏஜென்டும் திருடர் என்று சொல்லவில்லை. தேடித் தருவதற்கு மட்டும் கூலி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது நியாயமான தொழில், நானே இரண்டு பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். எப்படிப் பிரித்தறிவது? அவர் உங்கள் பாஸ்வேர்டு கேட்கமாட்டார். ஓடிபி கேட்கமாட்டார். சீட்டைக் கண்டுபிடித்து, விமான எண், தேதி, எந்தத் தளத்தில் எப்படிப் போடுவது என்று எழுதிக் கொடுப்பார், பொத்தானை நீங்கள்தான் அழுத்துவீர்கள். சீட் கிடைத்த பிறகுதான் முழுக்கூலி. முக்கியமாக, சீட்டைக் காட்டுவதற்கு முன்னால் புள்ளியை மாற்றச் சொல்லமாட்டார். உங்கள் ஆள் முதல் வாக்கியத்திலேயே அதைத்தான் சொல்லியிருக்கிறார். 60,000 ரூபாயை மகளுக்குக் கொடுங்கள்.

வங்கியிடமும் ஜாக்கிரதை. 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்' என்று ஒருவர் போன் செய்து, "புள்ளி வீணாகிறதே சார், எங்கள் போர்ட்டலிலேயே டிக்கெட் எடுங்கள்" என்பார். அதில் உங்கள் புள்ளியின் மதிப்பு பெரும்பாலும் குறைந்துவிடும். வருஷத்துக்கு இவ்வளவுதான் மாற்றலாம் என்று ஒரு வரம்பையும் சத்தமில்லாமல் போட்டிருப்பார்கள், 2.4 லட்சமும் ஒரே வருஷத்தில் மாறுமா என்பதை இன்றைக்கே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நம் ஊர்ப் பிரச்சினை, பெயர். கார்டில் இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்திருக்கும், சிலருக்குக் குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருக்கும், அமெரிக்க விசாவில் எஃப்என்யூ (முதற்பெயர் தெரியவில்லை) என்று போட்டிருப்பார்கள். கார்டுப் பெயரும் மைல் கணக்கின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் மாற்றம் நடுவழியில் நின்றுவிடும், பிறகு வங்கி விமானக் கம்பெனியைக் கைகாட்டும், அவர்கள் வங்கியைக் கைகாட்டுவார்கள். மைல் கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இப்போதே தொடங்கி, கார்டுப் பெயரை அதற்கேற்ப வங்கியில் திருத்திவிடுங்கள். வீட்டம்மாவுக்குத் தனிக் கணக்கு தேவையில்லை, ஏரோப்ளானில் உங்கள் மைலில் யாருக்கு வேண்டுமானாலும் டிக்கெட் போடலாம்.

மார்ச் கடைசிவரை ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், எகானமியில் ஆளுக்கொரு டிக்கெட்டை மைலிலேயே போட்டு வைத்துக்கொண்டு, கடைசி இரண்டு வாரம் தினமும் காலையில் பிசினஸ் திறக்கிறதா என்று பாருங்கள். டிக்கெட்டை மாற்றுவதற்குக் கட்டணம் உண்டு, பரவாயில்லை. ரத்து செய்தால் மைல் கணக்குக்குத் திரும்பும், வங்கிப் புள்ளியாகத் திரும்பாது. இரண்டு துண்டையும் தனித்தனி டிக்கெட்டாக மட்டும் எடுக்காதீர்கள். ஒரே டிக்கெட் என்றால் பெட்டி நியூவார்க்கில்தான் வரும், செல்லுபடியாகிற அமெரிக்க விசா இருப்பதால் ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ளேயே விமானம் மாறிக்கொள்ளலாம். தனி டிக்கெட் என்றால் வெளியே வந்து பெட்டி எடுக்க வேண்டிவரும், அதற்கு வேறு விசா.

போட்டு முடித்ததும் ஆறு எழுத்துப் பிஎன்ஆர் வரும், அதைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம். ஏர் கனடா கொடுக்கும் டிக்கெட்டுக்கு 014 என்று ஆரம்பிக்கிற 13 இலக்க எண் தனியாக வர வேண்டும், ஆளுக்கொன்று. அந்த இரண்டு எண்ணும் மெயிலில் வரும்வரை சேரன் எக்ஸ்பிரஸில்கூட டிக்கெட் போடாதீர்கள். ரயில் எப்படியும் 60 நாள் முன்னால்தான் திறக்கும், அவசரமில்லை.