சர்ஜரி ரெசிடென்சி: 250 இடங்களுக்கு விண்ணப்பிக்கலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்து, இந்த மார்ச்சில் சிஆர்ஆர்ஐ (கட்டாய உள்ளுறைப் பயிற்சி) முடித்தேன். அமெரிக்காவில் ஜெனரல் சர்ஜரி ரெசிடென்சி (மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே பெறும் முதுநிலைப் பயிற்சி) சேர வேண்டும் என்பது ஆசை. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் ஸ்டெப் 1 முதல் முயற்சியிலேயே பாஸ். ஸ்டெப் 2 சிகே 248. வரும் செப்டம்பரில் விண்ணப்பிக்க இருக்கிறேன். நியூஜெர்சியில் இருக்கும் சித்தப்பா, "வெளிநாட்டுப் பட்டதாரி 250 இடத்துக்காவது போடணும். ஒரு வருட ப்ரிலிம் இடம் கிடைத்தாலும் விடாதே, உள்ளே போய்விட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். அப்பா நகையை அடகு வைக்கக்கூடத் தயாராக இருக்கிறார். பரிந்துரைக் கடிதங்கள் மூன்றும் எங்கள் கல்லூரிப் பேராசிரியர்களே தருகிறார்கள். இன்னொன்று: என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கிறது. அதனால் சிக்கல் வருமா?

எம்., திருநெல்வேலி

அன்புள்ள எம்.,

நகை வீட்டிலேயே இருக்கட்டும். முதலில் சித்தப்பாவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும் இணையவழி அமைப்பான ஈராஸின் கட்டணம் 2025 பருவத்துக்கு மாற்றியமைக்கப்பட்டது. அதன்படி ஒரு துறையில் முதல் 30 இடங்களுக்குத் தலா 11 டாலர், 31-ஆவது இடத்திலிருந்து தலா 30 டாலர். 250 இடம் என்றால் 330-உம் 6,600-உம் சேர்ந்து 6,930 டாலர். ஏறக்குறைய ஆறு லட்சம் ரூபாய். இசிஎஃப்எம்ஜி (வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குச் சான்று தரும் அமைப்பு) டோக்கன், மேட்ச் (இடங்களை ஒதுக்கும் தேசிய முறை) பதிவுக் கட்டணம், மதிப்பெண் அனுப்பும் கட்டணம் எல்லாம் தனி.

இந்த ஆறு லட்சம் உங்களுக்கு எதை வாங்கித் தரும்? பல இடங்களில் ஒரு மனிதரின் பார்வையைக்கூட வாங்கித் தராது. வந்து குவியும் விண்ணப்பங்களை முதலில் வடிகட்டுவது கணினி. ஸ்டெப் 2 மதிப்பெண், எப்போதாவது ஃபெயில் ஆனதுண்டா, பட்டம் பெற்று எத்தனை வருடம் ஆகிறது, விசா வேண்டுமா, இந்த நான்கையும் வைத்துத் தட்டிவிட்டு மிச்சமிருப்பதைத்தான் திறக்கிறார்கள். விசா தராத இடத்துக்கு நீங்கள் கட்டும் 30 டாலர் உண்டியலில் போட்ட காசு. 248 மோசமான மதிப்பெண் இல்லை, பல இடங்களில் வடிகட்டியைத் தாண்டிவிடும். ஆனால் வெளிநாட்டுப் பட்டதாரியின் ஃபைலை அது மட்டும் தூக்கி நிறுத்தாது. ஸ்டெப் 1 வெறும் பாஸ்/ஃபெயில் ஆன 2022-க்குப் பிறகு எண்ணாகத் தெரிவது ஸ்டெப் 2 ஒன்றுதான். அதனால் எல்லோரும் அதில்தான் முட்டி மோதுகிறார்கள்.

பட்டியலைச் சுருக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒவ்வொரு மருத்துவமனையின் சர்ஜரி துறை இணையதளத்திலும் இப்போதுள்ள ரெசிடென்ட்களின் படமும் படித்த கல்லூரியும் இருக்கும். அதில் கேட்டகாரிக்கல் (முழுப் பயிற்சிக்கான இடம்) பட்டியலை மட்டும் பாருங்கள். இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் வெளிநாட்டுக் கல்லூரிப் பெயர் இருந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ப்ரிலிமினரி பட்டியலில் ஐந்து வெளிநாட்டவர் இருந்து, கேட்டகாரிக்கலில் ஒருவர்கூட இல்லையென்றால் அந்த இடம் உங்களை என்னவாகப் பார்க்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஜெனரல் சர்ஜரியில் முந்நூறுக்கு மேல் ரெசிடென்சி திட்டங்கள் இருக்கின்றன. பொறுமையாக உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் பார்த்து முடித்துவிடலாம். பெரும்பாலானவர்களுக்குக் கடைசியில் 60, 70 இடங்கள் மிஞ்சும். 60 இடத்துக்கு 1,230 டாலர்.

இனி ப்ரிலிம். சித்தப்பாவின் யோசனையில் எனக்கு முழுக்க உடன்பாடில்லாதது இதுதான்.

கேட்டகாரிக்கல் என்றால் ஐந்து வருடப் பயிற்சி, முடிவில் அமெரிக்கன் போர்டு ஆஃப் சர்ஜரி தேர்வு. ப்ரிலிமினரி என்றால் ஒரு வருட ஒப்பந்தம். அதற்குள்ளும் இரண்டு ரகம். ரேடியாலஜி, அனஸ்தீசியா போன்ற வேறு துறையில் ஏற்கெனவே இடம் பெற்றவர் முதல் வருடத்தைச் சர்ஜரியில் கழிப்பது ஒன்று. அடுத்த வருடம் எங்கே என்றே தெரியாமல் சேர்வது மற்றொன்று. உங்களுக்குக் கிடைக்கக்கூடியது இந்த இரண்டாவது ரகம். கேட்டகாரிக்கல் இடங்கள் ஏறக்குறைய முழுவதும் மேட்சிலேயே நிரம்பிவிடும். ப்ரிலிம் இடங்கள் வருடாவருடம் ஏராளமாக மிஞ்சும், அவற்றை மேட்ச் வாரத்திலேயே, மிஞ்சிய இடங்களுக்கான சோப் சுற்றில் நிரப்புவார்கள். வார்டுக்கு ஆள் தேவை, வேலை நடந்தாக வேண்டும். வாரம் 80 மணி நேர வரம்பு ப்ரிலிமுக்கும் உண்டு, ஆனால் அந்த 80 மணியில் ஆபரேஷன் தியேட்டருக்குள் எத்தனை மணி, வார்டிலும் கேஷுவாலிட்டியிலும் எத்தனை மணி என்பது இடத்துக்கு இடம் வேறுபடும்.

சிக்கல் காலண்டரில் இருக்கிறது. ஜூலை 1-ஆம் தேதி வேலையில் சேர்கிறீர்கள். அடுத்த வருட மேட்சுக்கான விண்ணப்பம் செப்டம்பரிலேயே போய்விட வேண்டும். அந்த இடத்தில் நீங்கள் வேலை பார்த்ததோ ஒன்பது, பத்து வாரம். அதில் ஒரு மாதம் எலக்ட்ரானிக் ரெக்கார்டைப் பழகுவதிலேயே போயிருக்கும். உங்களுக்காக உறுதியாக எழுதும் அளவுக்கு யார் உங்களைப் பார்த்திருப்பார்கள்? ஆப்சைட் என்ற உள்தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிக் காட்டலாம் என்றால், அது ஜனவரிக் கடைசியில்தான் வருகிறது. நேர்காணல்கள் அநேகமாக முடிந்திருக்கும். அதனால் பலர் இரண்டாவது ப்ரிலிம் வருடத்துக்குப் போகிறார்கள். அங்கே போர்டின் விதி குறுக்கே நிற்கிறது: 60 மாதப் பயிற்சி அதிகபட்சம் மூன்று இடங்களில்தான் இருக்கலாம், கடைசி இரண்டு வருடம் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். ஜே-1 என்ற பயிற்சி விசாவில் மருத்துவப் பயிற்சிக்கு மொத்தம் ஏழு வருடம் என்ற வரம்பும் இருக்கிறது. ஐந்து வருட ரெசிடென்சி, இரண்டு வருட ஃபெலோஷிப் (உட்பிரிவுப் பயிற்சி), கணக்கு அங்கேயே நிறைந்துவிடும். அடுத்த இடத்தில் மறுபடி முதலாம் ஆண்டிலிருந்து தொடங்க நேர்ந்தால் ப்ரிலிமில் கழித்த வருடம் அந்த ஏழில் ஒன்றைத் தின்றுவிட்டிருக்கும்.

ப்ரிலிமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் ஏற்கெனவே மூன்று வலுவான அமெரிக்கக் கடிதங்களோடு போகிறவருக்கு அது ஒரு கதவு. வெறுங்கையோடு போகிறவருக்கு அது ஒரு வருட வேலை, அவ்வளவுதான். போவதானால் நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள்: போன மூன்று வருடத்து ப்ரிலிம்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? உங்கள் இடத்திலேயே கேட்டகாரிக்கலுக்கு மாறியவர்கள் எத்தனை பேர்? நேர்காணல்களுக்கு விடுப்பு தருவீர்களா? முதல் கேள்விக்கு ஆட்களின் கணக்கு வராமல் "நன்றாக இருக்கிறார்கள்" என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் ஃபைலில் இப்போது இல்லாத ஒன்று, உங்கள் வேலையை நேரில் பார்த்த ஒரு அமெரிக்க சர்ஜன். உங்கள் பேராசிரியர்களின் கடிதம் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. ஆனால் நம் ஊர்க் கடிதங்கள் "உழைப்பாளி, ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர்" என்ற மூன்று சொல்லில் முடிந்துவிடும். யூனிட் சீஃபிடம் கேட்கும்போது, அட்மிஷன் நாளில் நீங்கள் முதலில் கண்டுபிடித்துச் சொன்ன பெர்ஃபொரேஷன் (குடலில் ஓட்டை) கேஸ் மாதிரி ஏதாவது ஒன்றை நினைவூட்டுங்கள், அது கடிதத்தில் வரட்டும். இன்னொரு வழக்கமும் உண்டு: "நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்." அதைச் செய்யாதீர்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஈராஸில் ஒப்புக்கொள்வீர்கள், கடிதம் எழுதியவர்தான் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். மூன்று கடிதங்களும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். ஒரு இடத்துக்கு நான்கு கடிதம் வரை அனுப்பலாம். அவற்றில் குறைந்தது இரண்டு அமெரிக்கக் கடிதங்களாக இருக்க வேண்டும், நான்கில் ஒன்று துறைத் தலைவருடையதாக இருந்தால் நல்லது.

அமெரிக்கக் கடிதத்தை எப்படிப் பெறுவது? மாணவராக இருந்தபோது எலெக்டிவ் என்ற விருப்பப் பயிற்சிக்கு அங்கே போயிருந்தால் நோயாளியைத் தொட்டு வேலை பார்த்திருக்கலாம். பட்டம் பெற்றவருக்கு அந்த வழி அநேகமாக மூடிவிட்டது. அப்சர்வர்ஷிப்பில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் முடியும், ஒரு மாதம் நின்று பார்த்தவருக்கு எழுதும் கடிதமும் அந்த அளவில்தான் இருக்கும். மிஞ்சுவது ஆராய்ச்சி வருடம். என் கருத்து: இந்தச் செப்டம்பரை விட்டுவிட்டு, ரெசிடென்சி உள்ள ஒரு சர்ஜரி துறையில் ஒன்று அல்லது இரண்டு வருடம் ரிசர்ச் ஃபெலோவாகப் போங்கள். பட்டம் பெற்ற ஆண்டு பழையதாகிறதே என்று பயப்படுவீர்கள். சும்மா இருந்தால்தான் அது பழையதாகும்.

இடம் தேடும்போது எலியை வைத்து நடக்கும் ஆய்வகங்களைத் தவிர்த்துவிடுங்கள். கட்டுரை வெளிவரவே மூன்று வருடம் ஆகலாம். நோயாளிகளின் தரவை வைத்துச் சிகிச்சை முடிவுகளை ஆராயும் குழுக்களில் வேலை வேகமாக நகரும். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் நடத்தும் என்ஸ்க்விப் தரவுத்தொகுப்பை வைத்தே ஆண்டுதோறும் ஏராளமான கட்டுரைகள் வருகின்றன. போகும் முன்பே ஆர் அல்லது ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் ரிக்ரெஷன் போடக் கற்றுக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம்: அவருடைய அண்மைக் கட்டுரையில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, உங்களுக்குத் தெரிந்த மென்பொருள், எப்போது வர முடியும், சம்பளம் இல்லாவிட்டால் எத்தனை மாதம் சமாளிப்பீர்கள். ஐம்பது அனுப்பினால் இரண்டு மூன்று பதில் வரும். அந்தத் துறை முன்பு தன் ரிசர்ச் ஃபெலோக்களைக் கேட்டகாரிக்கலில் எடுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். எடுக்காத இடத்தில் இரண்டு வருடம் உட்காருவதில் பயனில்லை. போன பிறகு இறப்புகளையும் சிக்கல்களையும் அலசும் வாராந்திர எம் அண்ட் எம் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள், அங்கேதான் உங்கள் முகம் பழக்கமாகும். பின்னால் ஒரு ப்ரோக்ராம் டைரக்டரிடம் போனில் "இந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள்" என்று சொல்லப் போகிறவர் அந்த அறையில்தான் இருப்பார்.

விண்ணப்பப் படிவத்தில் அதிகபட்சம் பத்து அனுபவங்கள், ஒவ்வொன்றுக்கும் 750 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. அவற்றில் மூன்றை முக்கியமானவை என்று குறித்துக் கூடுதலாக 300 எழுத்தில் விளக்கலாம். பத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்றில்லை. ஒரு நாள் ரத்ததான முகாமை அனுபவமாக எழுதினால் நல்ல அனுபவங்களின் எடையும் குறையும். சிஆர்ஆர்ஐ பற்றி எழுதும்போது, நீங்கள் தனியாகச் செய்தது என்ன, உதவியது என்ன என்று பிரித்து எழுதுங்கள். "அப்பென்டிசெக்டமி செய்தேன்" என்று எழுதி, நேர்காணலில் மீசோ-அப்பென்டிக்ஸை எப்படிக் கட்டினீர்கள் என்ற கேள்விக்கு விழித்தால் அன்றோடு முடிந்தது. பத்திரிகைக்கு அனுப்பாத கட்டுரையை "அனுப்பப்பட்டது" என்று போடுவதும் அதே வகை. பர்சனல் ஸ்டேட்மென்ட் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தாத்தாவின் மரணத்தில் தொடங்கும் ஸ்டேட்மென்ட்களை அவர்கள் ஆயிரக்கணக்கில் படித்திருக்கிறார்கள்.

ப்ரோக்ராம் சிக்னலை, அதாவது எந்த இடங்களில் உங்களுக்கு உண்மையான ஆர்வம் என்று விண்ணப்பத்தோடு காட்டும் குறியை, மறந்துவிடாதீர்கள். 2021-22 பருவத்தில் ஈராஸ் வழியே இதைச் சோதித்த மூன்று துறைகளில் ஜெனரல் சர்ஜரியும் ஒன்று. எத்தனை சிக்னல் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும், அந்தந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். பெரிய பெயருள்ள இடங்களுக்கு அனுப்பி வீணாக்காமல், உங்கள் வழிகாட்டிக்கு ஆள் தெரிந்த இடங்களுக்கு அனுப்புங்கள்.

விசாவைப் பொறுத்தவரை ஜே-1 என்றே திட்டமிடுங்கள். எச்-1பி என்ற வேலை விசாவுக்கு ஸ்டெப் 3 தேர்வை முன்பே முடித்திருக்க வேண்டும். அமெரிக்க அதிபரின் 2025 செப்டம்பர் ஆணை, நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்த பிறகு அந்தக் கதவு இன்னும் குறுகிவிட்டது. ஜே-1க்கு நம் மத்திய சுகாதார அமைச்சகம் தரும் தேவைச் சான்று (இந்தப் பயிற்சி பெற்றவர் நம் நாட்டுக்குத் தேவை என்ற கடிதம்) வேண்டும். மேட்ச் முடிவு வந்த வாரமே அதற்கு ஓடத் தொடங்க வேண்டும்.

மேட்சுக்குத் தரும் விருப்ப வரிசையான ரேங்க் லிஸ்ட் போடும் நாள் வந்தால் உங்களுக்கு எது மிகப் பிடித்ததோ அதை முதலில் போடுங்கள். "அவர்கள் என்னை எடுக்க வாய்ப்பு அதிகம்" என்று பிடிக்காத இடத்தை மேலே ஏற்றுவதால் எந்த லாபமும் இல்லை. 1998 முதல் நடைமுறையில் உள்ள கணக்கு முறை விண்ணப்பிப்பவரின் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் போக மனமில்லாத இடத்தைப் பட்டியலில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். மேட்ச் ஆனால் அது ஒப்பந்தம், உதறிவிட்டு வர முடியாது.

கடைசியாக, பாஸ்போர்ட். சிக்கல் உண்டு. சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று அச்சாகும், "முதல் பெயர் தெரியவில்லை" என்று பொருள். பிறகு மருத்துவமனை அடையாள அட்டை, லைசென்ஸ், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அதுவே தொடரும். ரிசர்ச் விசாவுக்குப் போவதற்கு முன்பே அப்பா பெயரைச் சர்நேமாக வைத்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்ளுங்கள். புதுப் பாஸ்போர்ட் வந்ததும் இசிஎஃப்எம்ஜி பதிவில் பெயரை மாற்றக் கோருங்கள். உங்கள் டிகிரிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், இரண்டும் ஒருவரே என்பதற்கு ஆவணம் கேட்பார்கள், கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் வருடத்தில் ஜூன் மாதம் ஈராஸ் திறப்பதற்குள் இது முடிந்திருக்க வேண்டும். பருவத்தின் நடுவில் பெயர் மாறினால் கடிதங்களில் ஒரு பெயரும் மதிப்பெண் பட்டியலில் இன்னொரு பெயரும் நிற்கும்.