சயாம் ரயில்பாதையில் செத்த தமிழர்களை ஏன் பாடப்புத்தகத்தில் காணோம்?

கேள்வி: "இரண்டாம் உலகப் போரைப் பள்ளியில் படித்தோம். அதில் தமிழர்கள் செத்ததாக ஒரு வரிகூட நினைவில்லை. போரை நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கமே நமக்கு இல்லையா? பாடத்தில் போரை இன்னும் சேர்த்தால் பிள்ளைகளுக்குச் சண்டை ஆசைதானே வரும்?"

பழக்கமெல்லாம் இருக்கிறது. நான் திருச்சிக்காரன். 1999 கார்கில் சண்டையில் படாலிக் பகுதியில் இறந்த மேஜர் சரவணனுக்கு எங்கள் ஊரில் நினைவிடம் இருக்கிறது. காந்தி மார்க்கெட் முன்னால் முதல் உலகப் போருக்குப் போனவர்களுக்கான நினைவுச் சின்னமும் நிற்கிறது. அதைச் சுற்றி வெங்காய மூட்டைக்குப் பேரம் பேசுகிறவர்கள் யாரும் கல்வெட்டை நிமிர்ந்து பார்ப்பதில்லை, அது வேறு கதை. பட்டாளத்தில் சேர்ந்து, பதிவேட்டில் பெயர் ஏறி, சீருடையோடு செத்தவனை நாமும் மறப்பதில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரில் தமிழர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தது கூலியாட்களாக. அங்கேதான் இடிக்கிறது.

தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். பர்மாவில் இருந்த தன் படைக்குக் கடல் வழியாகச் சரக்கு அனுப்புவது ஆபத்தாகிவிட, மலையையும் காட்டையும் வெட்டி ஜப்பான் போட்ட சயாம் ரயில்பாதை அது. சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். 1942 நடுவில் தொடங்கினார்கள். 1943 அக்டோபர் 17-ல் கொன்கொய்தா என்ற இடத்தில் இரண்டு பக்கத் தண்டவாளமும் சேர்ந்துவிட்டது. வேலை செய்த நேசநாட்டுப் போர்க் கைதிகள் 60,000-க்கு மேல், அவர்களில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். இது உலகத்துக்கே தெரியும், ஹாலிவுட் படம்கூட வந்துவிட்டது. மலாயாவிலிருந்து கொண்டுபோன 70,000-க்கு மேற்பட்ட கூலிகளை, பெரும்பாலும் தோட்டத் தமிழர்களை, அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அறிய வழியில்லை.

ஜப்பான் பிடித்துவிட்ட மலாயாவில் ரப்பரை ஏற்றிப்போகக் கப்பல் இல்லை. தோட்டத்தில் வேலை இல்லை, அரிசியும் இல்லை. ஜப்பான்காரன் ஆட்களை மேய்க்கும் கங்காணியிடமும் தோட்டத்துக் கணக்கரான கிராணியிடமும் இத்தனை தலை வேண்டும் என்று கணக்குக் கேட்டான். நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) சம்பளம், கொஞ்ச மாதத்தில் திரும்பிவிடலாம் என்ற பேச்சை நம்பிச் சிலர் குடும்பத்தோடு ஏறினார்கள். ஆள் வருவது குறைந்ததும் தெருவில் பிடித்தார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிவந்து, கொட்டகைக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றியதைப் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1943 மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. கைதிகளின் முகாமிலும் வந்தது, ஆனால் அங்கே அவர்களுடைய ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று கட்டளை போட அதிகாரிகள் இருந்தார்கள். தமிழர் கொட்டகைகளில் டாக்டரும் இல்லை, சொல்வதைக் கேட்கவைக்க ஆளும் இல்லை. ஆற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள், வரிசையாகச் செத்தார்கள். போனவர்களில் பாதியளவு திரும்பவில்லை என்று மதிப்பிடுகிறார்கள்.

பாங்காக்கில் வேலை பார்த்தபோது, இந்தப் பாதை போகும் தாய்லாந்து ஊரான காஞ்சனபுரிக்குப் போயிருக்கிறேன். ஊர் நடுவே நேசநாட்டு வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, 6,900-க்கு மேற்பட்ட கல்லறைகள். கணுக்கால் உயரக் கல், அதன்மேல் வெண்கலத் தகடு. தகட்டில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், பலவற்றில் வயதும் வீட்டார் எழுதிக்கொடுத்த ஒரு வரியும். ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஒரு பூச்செடி. அங்கே தமிழ் எழுத்தைத் தேடினால் கிடைக்காது. அதற்கு அந்த ஊரின் குவாய் ஆற்று ரயில் பாலத்தருகே இருக்கும் இன்னொரு நினைவுத்தூணுக்குப் போக வேண்டும். 1944-ல் ஜப்பான் ராணுவமே எழுப்பியது, இறந்தவர்களின் ஆத்மசாந்திக்காம்! அதில் பல மொழிகளில் வாசகம் பதித்திருக்கிறார்கள், தமிழும் உண்டு. சாகடித்தவன் தமிழில் எழுதினான். ஜெயித்து வந்த துரைமார், அத்தனை காலம் அதே தமிழனை வைத்து ரப்பர் பால் எடுத்தவர்கள், எழுதவில்லை.

காரணத்தைத் தேடினால் மீண்டும் பதிவேட்டில் வந்து நிற்போம். கைதிகளின் அதிகாரிகள் யார் எங்கே இறந்தான், எங்கே புதைத்தோம் என்று ஒளித்து ஒளித்துக் குறிப்பு வைத்திருந்தார்கள். 1945-ல் போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளோடு ஒரு குழு பாதை நெடுகப் போய்ப் புதைகுழிகளைக் கண்டுபிடித்தது. எலும்புகளை எடுத்துவந்து மூன்று கல்லறைத் தோட்டங்களில் வைத்தார்கள். கூலிகள் அந்தக் குழுவின் பொறுப்பில் இல்லை. 1990-ல் காஞ்சனபுரியில் கரும்புத் தோட்டம் ஒன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிளம்பின, பெயர் சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை. 2000-ல் பிரிட்டன் தன் முன்னாள் கைதிகளுக்குத் தலைக்கு 10,000 பவுண்டு கொடுத்தது. தோட்டத் தொழிலாளிகளுக்கு அந்தப் பேச்சே இல்லை.

சீருடை போட்டாலும் கறுப்புத் தோலாக இருந்தால் சந்தேகம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரில் இறந்த, பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயரை எங்கும் பொறிக்கவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-ல்தான் ஒப்புக்கொண்டது.

வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லி முடித்துக்கொள்ள முடியாது. தண்டவாளம் சேர்ந்து நான்கே நாளில், அக்டோபர் 21-ல், நேதாஜி சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். அந்த அரசுக்குத் தோள் கொடுத்ததும் இந்தப் பாதையில் ஆளைக் கொன்றதும் ஒரே ஜப்பான். மலாயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வுக்குப் போன தமிழ்ப் பிள்ளைகளைப் பெருமையாகப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அதே லயத்தில் (தோட்டத்து வீட்டு வரிசையில்) அடுத்த வீட்டுக்காரன் சயாமில் செத்தான் என்றால் கதை இடறுகிறது. சயாமுக்குப் பிடித்துப்போவார்களே என்ற பயத்தில் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்களும் உண்டு என்றால் இன்னும் இடறும். இடறட்டும், வகுப்பில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

எங்கள் அப்பாயியின் சித்தப்பா ஒருவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர். 'மலாயாவுக்குப் போனாரு, ஜப்பான் சண்டையில தாக்கல் இல்ல' என்று அப்பாயி சொல்லும், தாக்கல் என்றால் சேதி. அவ்வளவுதான். சயாமுக்குத்தான் போனாரா, தோட்டத்திலேயே பட்டினியில் போனாரா என்று சொல்ல வீட்டில் ஒரு சாட்சியும் கிடையாது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சண்டை ஆசை பாடப்புத்தகத்திலிருந்து வருவதாக எனக்குத் தோன்றவில்லை. எந்த நாட்டு ஏவுகணை எவ்வளவு தூரம் பாயும் என்று பையன்கள் யூடியூப்பில் மனப்பாடம் செய்கிறார்கள். பாடத்தில் நாங்கள் படித்தது 'காரணங்கள் யாவை, விளைவுகள் யாவை' மட்டும். அதைப் படித்து எவனுக்கும் ஆசையும் வராது, பயமும் வராது. சயாம் பாதைக்கு ஒரே ஒரு பீரியட் ஒதுக்கினால் போதும். இவர்களைத் தியாகிகள் ஆக்கவும் வேண்டாம், அங்கே சாக விரும்பி யாரும் போகவில்லை. வரைபடத்தில் நாகப்பட்டினம், பினாங்கு, பான் போங், தன்பியூசயாட் நான்கையும் கோடு போட்டு இணைக்கச் சொல்லலாம். பிறகு வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லலாம்: நம் வீட்டிலிருந்து மலாயாவுக்குப் போனது யார், எந்தத் தோட்டம், கடைசிக் கடிதம் எந்த வருஷம் வந்தது. திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கம் எந்தப் பள்ளியில் கேட்டாலும் நாலு பெயராவது வரும்.