அப்பாவிடம் நேராகவே கேளுங்கள்

கேள்வி: அம்மா இறந்து ஏழு மாதமாகிறது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்களோடு இருக்கும் அப்பாவுக்கு 76 வயது. சாப்பாட்டில் பாதியோடு எழுந்துவிடுகிறார், விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார். "அவளிடமே போய்விட்டால் தேவலை" என்கிறார். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால், நாமே அதை மனத்தில் போட்டதாகிவிடுமா? மருத்துவரிடம் வர மறுக்கிறார். மருத்துவமனையில் சேர்க்கத் தானே விண்ணப்பிப்பதாக மெல்போர்னில் இருக்கும் அண்ணன் சொல்கிறார்.

பதில்: ஆகாது. கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து. இன்றிரவே, பிள்ளைகள் தூங்கியதும், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "அப்பா, அம்மாவிடம் போகவேண்டும் என்கிறீர்களே, உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா?" பிறகு அவரைப் பேசவிடுங்கள். "இப்படியெல்லாம் சொல்லாதீர்கள்" என்று வாயை அடைத்தால், அடுத்த முறை சொல்லமாட்டார்.

ஆமென்றால் அவரைத் தனியே விடாதீர்கள். அப்போதே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பதில் எதுவானாலும் மாத்திரைகளும் தோட்டத்துப் பூச்சிமருந்தும் உங்கள் பூட்டுக்குள் இருக்கட்டும்; அன்றன்றைய மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 0800 567 567 என்ற இலவச எண்ணில் இரவிலும் பேசலாம்.

துக்கம் அலையலையாக வரும். நடுவில் பேரன் வந்தால் ஒரு சிரிப்பும் வரும். மனச்சோர்வு நோயில் அந்தச் சிரிப்பும் வற்றிவிடுகிறது. என்னிடம் வந்த ஒரு பெரியவர், மனைவி நட்ட கறிவேப்பிலைச் செடிக்கு மூன்று மாதம் தவறாமல் தண்ணீர் ஊற்றினார். நான்காம் மாதம் நிறைந்த வாளியைப் படியிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "இப்போது அழுவதே இல்லை, தேறிவிட்டார்" என்றார் மகன். அவர் தேறியிருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் கலைந்ததும் வேறு சிலர் வருவார்கள். செய்வினை எடுக்கிறேன், இறந்தவரோடு பேசவைக்கிறேன் என்று நோட்டீஸ் கொடுப்பவர்கள். முதியோர் உதவித்தொகையைத் தவணை தவணையாகக் கறந்துவிட்டு, "மாத்திரையை நிறுத்துங்கள், பூஜை பலிக்காது" என்பார்கள். இதைக் கேட்டு மருந்தை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன், பொறுக்கமுடியவில்லை. கோயிலுக்குப் போவது வேறு, தாராளமாகப் போகட்டும். அந்தப் பூஜைக்குக் கடன் கொடுத்து உதவித்தொகை அட்டையைப் பிடித்து வைப்பவன் சட்டத்தை மீறுகிறான். அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

அண்ணன் விஷயம். நம் நாட்டின் 2002ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, வர மறுப்பவருக்காக நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பிப்பவர், அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் அவரைப் பார்த்திருக்கவேண்டும். அண்ணன் போன மாதம் வந்து பார்த்துவிட்டுப் போனது கணக்கில் சேராது. மூத்த மகன் என்பதும் சேராது. தினமும் சோறு போடும் நீங்கள் விண்ணப்பியுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் போலீசாரே அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். அங்கே 72 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள் என்கிறது சட்டம். சட்டம் வந்து இத்தனை ஆண்டாகியும் கட்டில்கள் போதவில்லை. மனைவியை இழந்த கிழவரை மணிக்கணக்கில் பெஞ்சில் காக்கவைப்பது என்ன நியாயம்? பெஞ்சானாலும் எழுந்து வந்துவிடாதீர்கள்.

இன்று ஆபத்தில்லை என்று தெரிந்தால், நாளைக் காலை பக்கத்துக் கிளினிக். "சர்க்கரை பார்த்துவரலாம்" என்று கூப்பிட்டால் பெரும்பாலும் வருவார். "வயதானால் இப்படித்தான்" என்று திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனை கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆகும். அதற்குள் தலைசுற்றலோ குழப்பமோ வந்தால் நீங்களாக நிறுத்தாமல், அன்றே போய் இரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.