நைட்ரஜன் நுழையாத துளையைப் பாசிட்ரானால் அளக்க முடியுமா?

கேள்வி: வாயுப் பிரிப்புக்காக நான் தயாரித்த பாலிமர் சவ்வில் துளைகளே இல்லை என்று நைட்ரஜன் பரப்புக்கவர்ச்சிச் சோதனை காட்டுகிறது, ஆனால் கார்பன் டையாக்சைடு தாராளமாகக் கடந்து செல்கிறது. பாசிட்ரான் ஆயுட்கால அளவீட்டைச் செய்து பார்க்கும்படி என் நெறியாளர் கூறுகிறார். அதில் என்ன தெரியவரும்? மாதிரியை எவ்வாறு தயாரிப்பது?

பதில்: இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. 77 கெல்வின் குளிரில், வெளிப்பரப்போடு தொடர்புள்ள துளைகளில், அதுவும் நைட்ரஜன் மூலக்கூறு நுழைந்து பரவக்கூடியவற்றை மட்டுமே அந்தச் சோதனை கணக்கிடுகிறது. எலெக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானுக்கோ வாசல் தேவையில்லை. மூடிய துளையையும் அது கண்டுகொள்ளும்.

இந்த அளவீட்டின் கதிரியக்க மூலமான சோடியம்-22 சிதையும்போது பாசிட்ரானும், ஏறக்குறைய அதே கணத்தில் 1.275 மெகா எலெக்ட்ரான் வோல்ட் காமா கதிரும் வெளிப்படுகின்றன. பாசிட்ரான் எலெக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது 0.511 மெகா எலெக்ட்ரான் வோல்ட் கதிர்கள் எழுகின்றன. முதல் கதிர் பிறப்பு, பின்னது இறப்பு. இடைப்பட்ட நேரமே ஆயுள். பாலிமரில் சில பாசிட்ரான்கள் எலெக்ட்ரானைப் பற்றி ஆர்த்தோ பாசிட்ரோனியம் என்ற இணையாகித் துளைகளில் தங்குகின்றன. வெற்றிடத்தில் 142 நானோ வினாடி வாழும் அது, துளைச்சுவரின் எலெக்ட்ரான்களில் ஒன்றோடு மோதி அழிவதால், பாலிமருக்குள் சில நானோ வினாடிகளே நீடிக்கிறது. துளை பெரிதானால் ஆயுள் கூடும்: 2 நானோ வினாடி எனில் ஆரம் 0.3 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

இந்த ஆரம் நேரடியாக அளந்ததன்று. துளையைக் கோளமாகக் கருதும் டாவ்–எல்ட்ரப் மாதிரியிலிருந்து வருவது. ஆகவே ஒற்றை எண்ணை நம்புவதைவிட, ஒரே முறையில் அளந்த இரண்டு சவ்வுகளை ஒப்பிடுவதே பயன் தரும். பலர் தவறும் இடம் வேறு: ஆர்த்தோ பாசிட்ரோனியக் கூறின் செறிவை, அதாவது மொத்த நிகழ்வுகளில் அதன் பங்கை, துளைகளின் எண்ணிக்கையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நைட்ரோ தொகுதி போன்று எலெக்ட்ரானைக் கவர்பவை பாலிமரில் இருந்தால், துளைகள் குறையாமலேயே செறிவு சரிந்துவிடும். வேதியமைப்பு வேறுபட்ட சவ்வுகளைச் செறிவைக் கொண்டு ஒப்பிடாதீர்கள்.

மாதிரியைப் பொறுத்தவரை, மெல்லிய காப்டன் (ஒரு வகை பிளாஸ்டிக்) தாள்களுக்கிடையே உள்ள சோடியம்-22 மூலத்தின் இருபுறமும் ஒரே பாலிமரை வைக்க வேண்டும். பாசிட்ரான்கள் வெளியேறாமலிருக்க ஒவ்வொரு பக்கமும் 1 முதல் 2 மில்லிமீட்டர் கனம் தேவை. சவ்வு மெல்லியதென்றால் பல துண்டுகளை அடுக்குங்கள். அடுக்குகளுக்கிடையே கரைப்பானோ ஈரமோ தங்கக் கூடாது. ஆக்சிஜன் பாசிட்ரோனியத்தின் ஆயுளைக் குறைக்கும் என்பதால், துளை மிகுந்த சவ்வை வெற்றிடத்தில் அளப்பதே நல்லது. காப்டனில் அழியும் பாசிட்ரான்களின் பங்கைக் கணக்கில் கழிக்க மறக்காதீர்கள்.

தாங்கியின் மேல் பூசிய, ஒரு மைக்ரோமீட்டரும் கனமில்லாத படலமானால் இந்த வழி உதவாது. வேகம் குறைத்த பாசிட்ரான் கற்றை உள்ள ஆய்வகத்தையே நாட வேண்டும். மூலத்தின் அரை ஆயுள் 2.6 ஆண்டு; காப்டன் கிழிந்தால் கதிரியக்கம் பரவும் என்பதால், பயிற்சி பெற்றவர் மட்டுமே அதைக் கையாள வேண்டும். ஒரு மாதிரிக்குக் குறைந்தது 10 லட்சம் நிகழ்வுகள் பதிவாகும்வரை அளவீட்டை நிறுத்தாதீர்கள்.