பெயர்தான் வெண்ணெய்: பாதாம் விழுது பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. கடைகளில் அதை ஆல்மண்ட் பட்டர் என்று விற்கிறார்கள். நான் பாதாம் விழுது என்றே எழுதுகிறேன். 'பாதாம் வெண்ணெய்' என்று ஒருமுறை சொல்லப்போய், என் சமையல் வகுப்புக்கு வரும் ஒரு அம்மா அதை அடுப்பில் வைத்து நெய்யாக உருக்கப் பார்த்தார். பாவம், பாத்திரம்தான் கரிந்தது.

மிக்சியில் எவ்வளவு அரைத்தாலும் மாவாகவே நிற்கிறது. கொஞ்சம் தண்ணீர் விட்டேன், கெட்டியாகிவிட்டது. இரண்டே நாளில் வாடையும் வந்துவிட்டது. எங்கே தவறு? (வாசகி, பாளையங்கோட்டை)

தண்ணீரில்தான். சட்னிக்கு அரைத்துப் பழகிய கை, மிக்சி திணறியதும் தண்ணீர்ச் செம்பைத் தேடும். பாதாம் விழுது இளகுவது அதன் சொந்த எண்ணெயில். அதில் சிறிது ஈரம் பட்டாலும் பருப்புத் தூள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும், பூஞ்சைக்கும் வழி பிறக்கும்.

கால் கிலோ பருப்பை அடிகனமான வாணலியில் சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வறுங்கள். தோல் படபடவென்று வெடிக்கத் தொடங்கும். ஒன்றை உடைத்தால் உள்ளே வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். சூடு முழுக்க ஆறும்வரை காத்திருக்க வேண்டாம். வெதுவெதுப்பாக இருக்கும்போதே சிறிய ஜாரில் போடுங்கள். அப்போதுதான் எண்ணெய் சீக்கிரம் விடும். ஒரு நிமிடம் ஓட்டி, இரண்டு நிமிடம் ஓய்வு கொடுத்து, ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். முதலில் புட்டு மாவு போல இருக்கும். பிறகு பொரிவிளங்காய் உருண்டை போலத் திரண்டு ஜாரில் மோதும். இந்த இடத்தில்தான் பலரும் கைவிடுகிறார்கள். இன்னும் நான்கைந்து சுற்று பொறுத்தால் உருண்டை மினுமினுக்கும், பிறகு தளர்ந்து தோசை மாவாக ஓடும். மொத்தம் இருபது நிமிடமாவது ஆகும். அப்படியும் இளகாவிட்டால் ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெய் விடலாம்.

நடுவில் மிக்சி நின்றுவிட்டால் பதற வேண்டாம். பெரும்பாலான மிக்சிகளின் அடியில் ஒரு பொத்தான் இருக்கும். சூடு ஆறியபின் அதை அழுத்தினால் ஓடும். அவசரப்பட்டு நிறுத்தாமல் அரைத்து ஒரு மோட்டாரைப் புகையவிட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்.

கருப்பட்டிப் பாகையோ தேனையோ அரைக்கும்போது சேர்க்காதீர்கள். அவற்றிலும் ஈரம் உண்டு. ஊறவைத்துத் தோலுரித்த பருப்பில்தான் அரைக்க வேண்டும் என்றால், நன்றாக உலர்த்தி, வறுத்த பிறகே ஜாரில் போடுங்கள்.

மேலே எண்ணெய் மிதக்கிறது. கெட்டுவிட்டதா? (வாசகர், வள்ளியூர்)

இல்லை, அது இயல்பு. ஈரமில்லாத கரண்டியால் அடிவரை கிளறுங்கள். அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டால் கடைசியில் கரண்டி இறங்காத கட்டிதான் மிஞ்சும். நம் ஊர் வெயிலில் சமையலறை அலமாரியில் வைத்தால் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். குளிர்பெட்டியில் வையுங்கள். வாடை வந்துவிட்டால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

எட்டு மாதக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? மூத்தவளுக்குப் பள்ளிக்கு என்ன செய்து அனுப்பலாம்? (வாசகி, அம்பாசமுத்திரம்)

சின்னவனுக்குக் கரண்டியில் அப்படியே ஊட்டாதீர்கள். கெட்டி விழுது தொண்டையில் அப்பிக்கொள்ளும். கால் தேக்கரண்டியை வெந்நீரில் கரைத்து, கேப்பைக் கூழிலோ மசித்த பழத்திலோ கலந்து, பகல் வேளையில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கொடுங்கள். உடம்பில் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி என்று எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. கரப்பான் என்னும் தோல் அரிப்பு கடுமையாக உள்ள குழந்தைக்கும், முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கும் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். முழுப் பருப்பு ஐந்து வயதுவரை வேண்டாம்.

மூத்தவள் விஷயம் எளிது. தேங்காய்ச் சட்னி காலையில் அரைத்தது பதினோரு மணிக்கே டப்பாவில் புளித்து நிற்கும். தண்ணீர் படாத பாதாம் விழுதுக்கு அந்தக் கவலை இல்லை. தோசை சூடாக இருக்கும்போதே விழுதை மெல்லத் தடவி, உடன்குடிக் கருப்பட்டியைத் துருவித் தூவி, முக்கோணமாக மடித்துவிடுங்கள். சூட்டில் கருப்பட்டி பாதி உருகி, பாதி நறநறவென்று கிடக்கும். என் அக்கா மகன் இதற்காகவே டப்பாவை வகுப்பிலேயே திறந்து மாட்டிக்கொண்டான். ஏத்தன்பழத்தை வட்டமாக நறுக்கி இரண்டு துண்டுக்கு நடுவே தடவியும் கொடுக்கலாம். பருப்பு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்களா என்று ஆசிரியையிடம் மட்டும் கேட்டுவிடுங்கள்.

மாமனாருக்குச் சர்க்கரை நோய். இட்லியோடு தினமும் கொடுக்கிறேன். சரிதானா? (வாசகி, சங்கரன்கோவில்)

எதற்குப் பதிலாகக் கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லையே! ஒரு மேசைக்கரண்டி விழுது ஏறக்குறைய 16 கிராம். அதில் 100 கலோரி, 9 கிராம் கொழுப்பு, 3 கிராமுக்குச் சற்று மேல் புரதம். தேங்காய்ச் சட்னியை எடுத்துவிட்டு இதை வைத்தால் நல்லது. சட்னியும் இருக்க, இட்லிப் பொடியில் எண்ணெயும் இருக்க, இது வேறு என்றால் எடைதான் ஏறும். இதிலுள்ள கொழுப்பும் புரதமும் நார்ச்சத்தும் இட்லி சர்க்கரையாக மாறி இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கின்றன. அதற்காக இட்லியின் எண்ணிக்கையைக் கூட்டிவிடக் கூடாது. கடைச் சீசாவாக இருந்தால் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். சர்க்கரை சேர்த்தவை நிறைய உண்டு.

அவருக்குத் துவையலாகவே கொடுக்கலாம். இரண்டு மேசைக்கரண்டி விழுது, வறுத்து நுணுக்கிய இரண்டு வற்றல் மிளகாய், ஒரு சுளைப் புளியின் கரைசல், உப்பு. வெந்நீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்குங்கள். முதலில் இறுகும், பயப்படாமல் இன்னும் விட்டால் இளகும். மேலே கடுகு, கறிவேப்பிலை தாளிப்பு. இது அன்றன்றைக்குத்தான். சிறுநீரகக் கல்லோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தினமும் வேண்டாம். சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற உப்பு பாதாமில் அதிகம்.

மருமகனுக்குக் கொலஸ்டிரால். மறுவீட்டுச் சொதியில் தேங்காய்ப்பாலுக்குப் பதில் இதைக் கரைத்து ஊற்றலாமா? (வாசகி, திருநெல்வேலி டவுன்)

சொதி என்பதே கல்யாணத்துக்குப் பின் மறுவீட்டு விருந்தில் வைக்கும் தேங்காய்ப்பால் குழம்புதான். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு செய்தும் பார்த்தேன்.

பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் வழக்கம்போல. மூன்றாம், இரண்டாம் பாலுக்குப் பதில் வெந்நீர். கடைசியில் முதல் பாலுக்குப் பதிலாக மூன்று மேசைக்கரண்டி விழுதைக் கரைத்து ஊற்றினேன். பச்சை மிளகாயும் இஞ்சியும் தூக்கலாக இருந்தன. குழம்பு நன்றாகவே இருந்தது, ஆனால் சொதி இல்லை. தேங்காய்ப்பாலின் இனிப்பு இல்லாமல் எலுமிச்சைச்சாறு தனித்துப் புளித்தது. நிறமும் வறுத்த பருப்பால் மண் நிறமாகிவிட்டது.

கொழுப்புக் கணக்கில் உங்கள் யோசனை தவறில்லை. தேங்காயில் இருப்பது பெரும்பாலும் கொலஸ்டிராலை ஏற்றக்கூடிய நிறைவுற்ற கொழுப்பு, பாதாமில் பெரும்பாலும் நிறைவுறாதது. எனவே ஒரு சமரசம்: இரண்டாம் பால் தேங்காயாகவே இருக்கட்டும். முதல் பாலைப் பாதியாகக் குறைத்து, தோல் நீக்கிய பருப்பில் அரைத்த விழுது ஒரு மேசைக்கரண்டி கரைத்து விடுங்கள். நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரியும். இஞ்சிப் பச்சடியை மறந்துவிடாதீர்கள். மறுவீட்டுக்கு வருகிற அன்று மட்டும் மருமகனுக்கு முழுச் சொதி ஊற்றுங்கள். ஒரு நாள் சொதியால் யாருக்கும் கொலஸ்டிரால் வந்ததில்லை. தினசரி வடையைத்தான் கவனிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் வாதாம் மரம் நிற்கிறது. அந்தக் கொட்டையில் செய்யலாமா? (வாசகர், களக்காடு)

நாட்டு வாதுமையைச் சொல்கிறீர்கள், உதிரும் முன் இலை சிவக்குமே, அது. சின்ன வயதில் அந்தக் காயைப் படிக்கல்லில் வைத்து இன்னொரு கல்லால் குத்துவோம். நார் நாராகப் பிரியும், விரல் நசுங்கும், கடைசியில் சுருட்டிய இலை போல மெல்லிய பருப்பு ஒன்று கிடைக்கும். ருசியானது, தின்னத் தகுந்தது. ஒரு சீசா விழுதுக்குத் தெருப் பிள்ளைகள் முழுப்பேரும் ஒரு மாதம் குத்த வேண்டும்.

கடையில் வாங்கும் பாதாம் வேறு இனம், பீச் பழத்தின் உறவு. அது காய்க்கக் குளிர்காலம் வேண்டும். உலகப் பாதாமில் பெரும்பகுதி கலிபோர்னியாவில் விளைகிறது, நம் நாட்டில் காஷ்மீரில்.

நிலக்கடலை போதாதா? (வாசகர், கழுகுமலை)

போதும். 100 கிராம் கடலையில் 25 கிராம் புரதம், பாதாமில் 21. கால்சியம், வைட்டமின் ஈ, நார்ச்சத்து மூன்றிலும் பாதாம் முந்துகிறது. விலையிலும்தான்! பக்கத்திலேயே கோவில்பட்டி கடலைமிட்டாயை வைத்துக்கொண்டு நீங்கள் ஏங்க வேண்டியதில்லை. மேலே சொன்ன தோசையும் துவையலும் கடலை விழுதிலும் நன்றாகவே வரும். வறுக்கும் முன் சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

இந்த விழுதை வைத்துப் பாதாம் அல்வா கிளறலாமா? (வாசகி, மேலப்பாளையம்)

வேண்டாம். வறுத்து எண்ணெய் விட்ட விழுது அல்வாவில் நெய்யை ஏற்காமல் பிரிந்து நிற்கும். அதற்குப் பருப்பை ஊறவைத்து, தோலுரித்து, பால் விட்டு அரைக்க வேண்டும். அங்கே தாராளமாக ஈரம் விடலாம்.